வண்டி ஓட்டும் மகளிருக்குப் பின் பிரேக் பற்றி நாலு வார்த்தை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். வீட்டு வேலைதான் என் வேலை. என் வீட்டுக்காரர் ரோட்டோரத்துல சின்னதா டூவீலர் ஒர்க்ஷாப் வச்சிருக்கார். குழுவில் கடன் எடுத்துத்தான் அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிப் போட்டோம். மதியச் சாப்பாடு கொண்டு போனா, சாயங்காலம் வரைக்கும் நான்தான் அந்த அலமாரிக்குக் காவல். எந்த வண்டிக்கு எந்த ஷூ, எந்த பேட், எந்த கேபிள்னு எடுத்துக் குடுக்கிறதும், கணக்கு எழுதுறதும் என் பொறுப்பு. அதனாலதான் செயலாளர் அக்கா, "எல்லாரும் கடனைப் பத்தியும் சேமிப்பைப் பத்தியும் பேசுறாங்க, நீ வண்டியைப் பத்திப் பேசு"ன்னு சொன்னாங்க. நான் வண்டி முழுசையும் பேசப் போறதில்ல. பின் பிரேக்கை மட்டும் பேசுறேன். ஏன்னா நம்ம பெண்கள் ரொம்ப நம்புறதும் அதைத்தான், ரொம்பக் கவனிக்காம விடுறதும் அதைத்தான்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்க வந்தப்போ, எழுத்துப் படிக்கிறதோட சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் குடுத்தாங்க. அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அதுக்கு முன்ன நின்னாங்க. கல் குவாரியில வேலை பாத்தவங்க, அங்கன்வாடிக்குப் போனவங்க, வயல் வேலைக்குப் போனவங்கன்னு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி முன் பார்ல பிள்ளையை உக்கார வச்சு ஓட்டினாங்க. இங்க இருக்கிற பெரியவங்கள்ல எத்தனையோ பேர் அப்படிக் கத்துக்கிட்டவங்கதான்.

இப்போ அவங்க பொண்ணுங்களும் மருமகளுங்களும் ஸ்கூட்டர் ஓட்டுறோம். 2018 பிப்ரவரியில அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் வந்துச்சு. வண்டி விலையில பாதி, அதிகமாப் போனா 25,000 ரூபாய்னு மானியம் குடுத்தாங்க. அதுல வாங்கினவங்க சிலர், குழுக் கடன்ல வாங்கினவங்க பலர், வீட்டுக்காரர் புது வண்டி எடுத்ததும் அவரோட பழைய வண்டி கைக்கு வந்தவங்க இன்னும் பலர். கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலை வண்டியில பூ கொண்டு போறாங்க. பால் கேனைக் கட்டிக்கிட்டு சொசைட்டிக்குப் போறாங்க. பேங்குக்கு, ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குன்னு யார் கையையும் எதிர்பார்க்காமப் போறோம். இந்த வண்டி நம்மகிட்ட இருந்து போயிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதல்ல, எது பின் பிரேக்? கேக்கிறதுக்கு லேசா இருக்கும். ஆனா கடைக்கு வர்றவங்ககிட்ட நான் கேட்டா பாதிப் பேர் கையைப் பாத்து யோசிக்கிறாங்க. ஸ்கூட்டர்ல இடது கைப் பிடி பின் பிரேக், வலது கைப் பிடி முன் பிரேக். மின்சார ஸ்கூட்டர்லயும் அப்படித்தான். கியர் வச்ச பைக்ல இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக், வலது கால் மிதி பின் பிரேக். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகினவங்க அவசரத்துக்கு வீட்டுக்காரர் பைக்கை எடுத்தா, இடது கை தானாப் போயி கிளட்சைப் பிடிக்கும். வண்டி நிக்காது, இன்னும் லேசா உருண்டு ஓடும். அதனால வண்டி மாத்தி ஏறும்போது, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை கையாலயும் காலாலயும் தொட்டு, "இது முன்னாடி, இது பின்னாடி"ன்னு சொல்லிக்கிட்டுக் கிளம்புங்க.

இன்னொண்ணு. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த 125 சிசி வரைக்குமான வண்டிகள்ல ரெண்டு பிரேக்கும் சேந்து பிடிக்கிற அமைப்போ ஏபிஎஸ்ஸோ கட்டாயம்னு அரசாங்கம் சட்டம் போட்டுருச்சு. நம்ம ஸ்கூட்டர்கள்ல பெரும்பாலும் இருக்கிறது சேந்து பிடிக்கிறதுதான். அதுல இடது கையைப் பிடிச்சா பின் சக்கரத்தோட முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். பழைய வண்டியில அது கிடையாது. உங்க வண்டி எந்த வகைன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. ஒரே கைப் பிடிதான், ஆனா ரெண்டு வண்டியிலயும் வேலை வேற வேற.

அடுத்தது, நம்ம ஊர்ல எல்லாப் பொண்ணுங்களுக்கும் வண்டி கத்துக் குடுக்கும்போது சொல்ற ஒரு வார்த்தை. "முன் பிரேக்கைத் தொட்டுராத, குப்புற விழுந்துருவ. பின் பிரேக்கை மட்டும் பிடி." அண்ணன் சொல்வார், அப்பா சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார். பாசத்துல சொல்றதுதான். ஆனா அது பாதி உண்மை, பாதி ஆபத்து.

டவுன் பஸ்ல நின்னுக்கிட்டுப் போறோம். டிரைவர் பிரேக் அடிச்சா நம்ம எந்தப் பக்கம் சாயுறோம்? முன்னாடிதான். வண்டியிலயும் அதே கதைதான். பிரேக் பிடிச்சதும் வண்டிப் பாரம், நம்ம பாரம் எல்லாம் முன் சக்கரத்து மேல போயிரும். முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கும். பின் சக்கரம் லேசாயிரும். லேசான சக்கரத்தைப் பிடிச்சா அது நிக்கும், ஆனா வண்டி நிக்காது. சக்கரம் சுத்தாம ரோட்டுல இழுத்துக்கிட்டே போகும், வால் பக்கம் இப்படியும் அப்படியும் ஆடும். அதனால தார் ரோட்டுல வேகமா வரும்போது வண்டியை நிப்பாட்டுற வேலையில பாதிக்கு மேல செய்யறது முன் பிரேக்தான். பின் பிரேக்கை மட்டும் நம்பினா நிக்கிற தூரம் ரொம்ப நீளும்.

அப்போ பின் பிரேக் எதுக்கு? அது வண்டியை நிதானத்துல வைக்கிறது. மாட்டு வண்டியில மூக்கணாங்கயிறு மாதிரின்னு வச்சுக்கங்க. எங்கெங்க அதுதான் முக்கியம்னு சொல்றேன்.

செம்மண் ரோடு, சரளை, மணல் கிடக்கிற திருப்பம். இங்க முன் பிரேக்கை அழுத்தினா முன் சக்கரம் வழுக்கும். முன் சக்கரம் வழுக்கினா தாங்க முடியாது, விழுந்தாச்சு. பின் சக்கரம் கொஞ்சம் வழுக்கினா சமாளிக்கலாம். அதனால இங்க வேகத்தை முன்கூட்டியே குறைச்சுட்டு, பின் பிரேக்கை மெதுவாப் பிடிச்சுப் போகணும்.

அறுவடை நாள்ல ரோட்டு மேல நெல்லு, உளுந்து, வைக்கோல் காயப் போட்டிருப்பாங்க. அதுவும் மணல் மாதிரிதான். அது மேல ஏறுறதுக்கு முன்னாடியே பிரேக் வேலையை முடிச்சுரணும். மேல ஏறின பிறகு எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

சந்தைக் கூட்டம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட வாசல். நடக்கிற வேகத்துல உருட்டிக்கிட்டுப் போகும்போது பின் பிரேக்தான் நல்லது. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில் திரும்பினா வண்டி பட்டுனு சாஞ்சிரும்.

கண்மாய்க் கரையில இருந்து இறங்குற சரிவு. இங்க பின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கணும். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பிடியா பிடிச்சா டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும்.

பின்னாடி பாரம் இருக்கும்போது. ரெண்டு பிள்ளைங்க, பால் கேன், அரிசி மூட்டைன்னு பின் சக்கரத்துல கனம் இருந்தா பின் பிரேக் வழக்கத்தை விட நல்லாப் பிடிக்கும். ஆனா மொத்தப் பாரமும் கூடிப் போனதால நிக்கிற தூரமும் கூடும். ரெண்டையும் கணக்குல வச்சுக்கணும்.

மத்தபடி காய்ஞ்ச தார் ரோட்டுல, நேரா போகும்போது, ரெண்டு பிரேக்கையும் சேத்துப் பிடிக்கிறதுதான் சரி. பிடிக்கிற விதம் முக்கியம். பாத்திரத்தைப் பிடுங்குற மாதிரி வெடுக்குனு பிடிக்கக் கூடாது. மாவு பிசையும்போது கை அழுத்தம் கூடுமே, அந்த மாதிரி படிப்படியாக் கூட்டணும். திருப்பத்துக்கு முன்னாடி நேரா இருக்கும்போதே வேகத்தைக் குறைச்சுட்டு, அப்புறம் திரும்பணும். சாஞ்சுக்கிட்டே பிரேக்கை இறுக்கக் கூடாது.

பின் சக்கரம் வழுக்கிருச்சுன்னா? பயத்துல எல்லாரும் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். செய்ய வேண்டியது நேர் எதிர். கண்ணைப் போற திசையில நேரா வச்சு, ஹேண்டிலை நேராப் பிடிச்சு, பின் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தணும். சக்கரம் திரும்பச் சுத்த ஆரம்பிச்சதும் வண்டி நம்ம பேச்சைக் கேக்கும்.

இதைக் காதால கேட்டாப் பத்தாது, கையில வரணும். ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூட மைதானத்துலயோ ஆள் இல்லாத களத்துமேட்டுலயோ பழகுங்க. ஹெல்மெட் போட்டுக்கங்க. ஒரு கல்லை அடையாளமா வச்சு, 20 கிலோமீட்டர் வேகத்துல வந்து அந்தக் கல்லுக்கிட்ட பின் பிரேக்கை மட்டும் பிடிங்க. எங்க நின்னுச்சோ அங்க ஒரு கோடு போடுங்க. அடுத்தது ரெண்டையும் சேத்து மெதுவா அழுத்திப் பிடிங்க. அங்கயும் ஒரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் இருக்கிற இடைவெளியைப் பாத்தீங்கன்னா நான் சொன்னது மனசுல நிக்கும். ஒரு கணக்கையும் சேத்து வச்சுக்கங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுது. நம்ம யோசிக்கிற ஒரு நொடியிலயே அவ்வளவு தூரம் போயிரும். வேகம் ரெண்டு மடங்கானா, பிரேக் பிடிச்ச பிறகு நிக்கிற தூரம் நாலு மடங்காகும்.

இனி பிரேக்குக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். கையோட ரெண்டு ஷூ கொண்டு வந்திருக்கேன். ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சது. இதை வரிசையாக் கை மாத்தித் தடவிப் பாருங்க. நம்ம ஸ்கூட்டர்ல பெரும்பாலும் பின் சக்கரத்துல டிரம் பிரேக்தான். சக்கரத்துக்குள்ள வட்டமான டிரம் இருக்கு. அதுக்குள்ள பிறை நிலா மாதிரி ரெண்டு ஷூ. கையைப் பிடிச்சா கேபிள் இழுத்து, ஷூ ரெண்டும் விரிஞ்சு டிரம்மோட உரசும். உரசுறது ஷூ மேல ஒட்டியிருக்கிற லைனிங். ரப்பர் அழிப்பான் மாதிரி அதுவும் தேயும். தேயத் தேயத்தான் வண்டி நிக்கும். அதனால ஷூ தேயுறது குத்தம் இல்ல. தேஞ்சது தெரியாம ஓட்டுறதுதான் ஆபத்து.

தேஞ்சிருச்சான்னு தெரிஞ்சுக்க சக்கரத்தைக் கழட்ட வேண்டியதில்ல. பின் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சு பாருங்க. கேபிள் வந்து மாட்டுற சின்ன இரும்புக் கை ஒண்ணு இருக்கும். பல வண்டிகள்ல அங்க ஒரு அம்புக்குறியும், பக்கத்துல ஒரு குறியும் போட்டிருப்பாங்க. ஒருத்தர் பிரேக்கை முழுசாப் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் பாக்கணும். அம்புக்குறி அந்தக் குறிக்கு நேரா வந்துட்டா ஷூவை மாத்தணும்னு அர்த்தம். அதே இடத்துல கேபிள் முனையில ஒரு நட்டு இருக்கும். பிரேக் தளர்ந்தா அதைத் திருகித்தான் டைட் பண்ணுவாங்க. அந்த நட்டு மரையோட கடைசி வரைக்கும் போயிருச்சுன்னா, ஷூ தேஞ்சு போச்சு, இல்லைன்னா கேபிள் நீண்டு போச்சு.

இதுல ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். டைட் பண்றது வேற, மாத்துறது வேற. டைட் பண்ணினா கைக்குப் பிடிப்பு வந்த மாதிரி இருக்கும். ஆனா உள்ள இருக்கிற லைனிங் ஒரு இம்மி கூட வளராது. எங்க ஊர்க் குழுவில ஒரு அக்கா. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, ஆனா நடந்ததைச் சொல்லச் சொன்னாங்க. பழைய ஸ்கூட்டர். பிரேக் தளர்ந்த ஒவ்வொரு தடவையும் வழியில யார்கிட்டயாவது நிப்பாட்டி டைட் பண்ணிக்கிட்டாங்க. ஒரு நாள் குழுச் சேமிப்புப் பணத்தை பேங்குல கட்டப் போனாங்க. திருப்பத்துல ரோடு முழுக்க வைக்கோல். இடது கையைப் பிடிச்சா, பிடி ஹேண்டிலோட வந்து ஒட்டிருச்சு, வண்டி நிக்கல. வேற வழி இல்லாம வலது கையைப் பிடிச்சாங்க. வைக்கோல் மேல முன் சக்கரம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. அந்த வண்டி எங்க ஒர்க்ஷாப்புக்குத்தான் வந்துச்சு. டிரம்மைக் கழட்டினா லைனிங் காகிதம் மாதிரி இருந்துச்சு. நட்டு மரைக் கடைசியில நின்னுச்சு.

எலும்பு கூடிருச்சு. ஆனா அதோட முடியல. வீட்டுல "இனி நீ வண்டியைத் தொடாத"ன்னுட்டாங்க. எட்டு மாசம் அந்த வண்டி சாக்கு போத்திக் கொட்டகையில கிடந்துச்சு. அந்த அக்கா பூ எடுக்கப் போறது நின்னு போச்சு. குழுக் கூட்டத்துக்கு யாராவது கூட்டிக்கிட்டு வந்தாத்தான் வருவாங்க. மகளை டியூஷன்ல இருந்து கூட்டி வர ஆள் இல்லாம டியூஷனையும் நிப்பாட்டிட்டாங்க. விழுந்தது அவங்க ஓட்டத் தெரியாததால இல்ல. அன்னைக்கு அவங்க கையும் மனசும் சரியாத்தான் வேலை செஞ்சுச்சு. உள்ள இருந்த ஷூதான் இல்லாமப் போச்சு. ஆனா ஊர்ப் பேச்சு எப்படி இருந்துச்சு? "பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" சில நூறு ரூபாய் ஷூ, ஒரு பொம்பளையோட எட்டு மாசத்தை வாங்கிக்கிச்சு. இப்போ அவங்க திரும்ப ஓட்டுறாங்க. இதோ, மூணாவது வரிசையில உக்காந்து சிரிக்கிறாங்க.

கைப் பிடியில எவ்வளவு தளர்வு இருக்கணும்? பல ஸ்கூட்டர் கையேட்டுல 10 முதல் 20 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும். அதாவது பிடியோட முனை சுண்டுவிரல் அகலம், இல்ல கொஞ்சம் கூட, சும்மா அசைஞ்சுட்டு அப்புறம் பிடிக்க ஆரம்பிக்கணும். கால் மிதி உள்ள பைக்குல 20 முதல் 30 மில்லிமீட்டர்னு இருக்கும். உங்க வண்டிக் கையேட்டைப் பாத்துக்கங்க. தளர்வே இல்லாம டைட் பண்ணிட்டா ஷூ எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும். சூடாகும், மைலேஜ் குறையும், லைனிங் சீக்கிரம் போயிரும். டைட் பண்ணின பிறகு, எஞ்சினை ஆஃப் பண்ணி, பெரிய ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க. இறுகாமச் சுத்தணும். அந்த நட்டுல ஒரு வளைவு இருக்கும். அது பின்னோட சரியா உக்காந்திருக்கணும்.

சத்தமும் ஒரு எச்சரிக்கைதான். இரும்போட இரும்பு உரசுற மாதிரி கரகரன்னு கேட்டா, அன்னைக்கே கடைக்குப் போங்க. லைனிங் முடிஞ்சு டிரம்மையே அறுக்க ஆரம்பிச்சிருச்சுன்னா ஷூவோட செலவு நிக்காது. டிரம்மும் சேந்து போகும்.

அடுத்தது டிஸ்க் பிரேக். கொஞ்சம் பெரிய பைக்குகள்ல பின் சக்கரத்துலயும் டிஸ்க் வருது. மகன் காலேஜுக்கு ஓட்டுற பைக் அப்படித்தான் இருக்கும். அங்க ஷூ கிடையாது, பிரேக் பேட். தட்டை ரெண்டு பக்கமும் ரெண்டு பேட் சேந்து கவ்வும். பேட் மேல ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு மறையுற அளவுக்குத் தேஞ்சா மாத்தணும். குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தாத் தெரியும். வலது கால் பக்கம் ஒரு சின்ன டப்பாவுல பிரேக் ஆயில் இருக்கும். மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. ஆயில் ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும். பேட் தேயத் தேய ஆயில் மெதுவா இறங்கும். திடீர்னு இறங்கினா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். மூடியிலயே டாட் 3, டாட் 4னு எழுதியிருக்கும், அதைத்தான் ஊத்தணும். எஞ்சின் ஆயிலை ஊத்தவே கூடாது.

பேட் வாங்கப் போனா வகை வகையாச் சொல்வாங்க. ஆர்கானிக்னு ஒண்ணு. அது மெத்துன்னு பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, ஆனா சீக்கிரம் தேயும். சின்டர்டுன்னு ஒண்ணு. உலோகத் தூளை அழுத்திச் செஞ்சது. சூட்டையும் மழையையும் நல்லாத் தாங்கும், நாள்பட உழைக்கும், விலை கூட, டிஸ்க்கையும் கூடத் தேய்க்கும். நடுவுல செமி மெட்டாலிக்னு ஒண்ணு. பின் சக்கரத்துக்கு எது நல்லது? நான் முதல்லயே சொன்னேன், பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் லேசாயிரும்னு. லேசான சக்கரத்துக்கு ஆவேசமாப் பிடிக்கிற பேட் தேவையில்ல. தொட்டதும் கவ்வினா சக்கரம் வழுக்கத்தான் செய்யும். ஊருக்குள்ளயும் டவுனுக்கும் ஓட்டுற வண்டிக்குக் கம்பெனியில எந்த வகை போட்டு வந்துச்சோ அதே வகை போதும். "இது ரேஸ் பேட், சூப்பரா நிக்கும்"னு மகன் சொன்னா, வேண்டாம்னு சொல்லுங்க. 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு 2019-ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஆனா பல வண்டிகள்ல அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். அந்த வண்டியில பின் சக்கரம் இப்பவும் வழுக்கும்னு மகன்கிட்டச் சொல்லி வைங்க.

ஷூவோ பேட்டோ, கடையில வாங்கும்போது நான் பாக்கிற சில விஷயங்களைச் சொல்றேன். வண்டிப் பேரை மட்டும் சொன்னாப் பத்தாது, எந்த வருஷத்து மாடல்னும் சொல்லணும். ஒரே பேர்ல டிரம் அளவு மாறின வண்டி உண்டு. அட்டைப் பெட்டியில பார்ட் நம்பர், விலை, தயாரிச்ச மாசம், கம்பெனி முகவரி அச்சுல தெளிவா இருக்கணும். எழுத்துப் பிழையும் மங்கின அச்சும் இருந்தா கையில எடுக்காதீங்க. பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளவு பாருங்க. லைனிங் ஷூவோட விளிம்புல பிரிஞ்சு நிக்குதா, விரிசல் இருக்கான்னு விரலை ஓட்டிப் பாருங்க. எப்பவும் ரெண்டையும் ஜோடியாத்தான் மாத்தணும். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு போடக் கூடாது. பில் கேளுங்க.

ஒர்க்ஷாப்புல மாத்தும்போது பக்கத்துல நில்லுங்க. கழட்டின பழைய ஷூவைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அது உங்க பணம், கேக்கிறதுல தப்பில்ல. டிரம்முக்குள்ள வரி வரியாப் பள்ளம் விழுந்திருக்கா, ஷூவை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கான்னு கேளுங்க. லைனிங்ல எண்ணெய் பட்டிருந்தா, துடைச்சுப் போட்டா சரியாகாது. எண்ணெய் எங்க இருந்து ஒழுகுதுன்னு பாத்து அதை அடைச்சுட்டுத்தான் புது ஷூ போடணும். டிரம்முக்குள்ள இருக்கிற தூசியை வாயால ஊத விடாதீங்க, பிள்ளைங்களைப் பக்கத்துல நிக்க விடாதீங்க. சில லைனிங்குல கல்நார் கலந்திருக்கும், அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால துடைச்சு எடுக்கச் சொல்லுங்க. என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன்.

டிஸ்க் பேட் மாத்தினதும், கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே மிதியை நாலஞ்சு தடவை மிதிக்கணும். முதல் மிதி உள்ள போயிரும், ஒண்ணும் பிடிக்காது. அப்புறம்தான் கெட்டியாகும். புது ஷூவோ புது பேட்டோ உடனே முழுசாப் பிடிக்காது. உரசி உரசி இடத்துல உக்காரணும். முதல் 100, 200 கிலோமீட்டர் வரைக்கும் நிதானமா ஓட்டி, முன்கூட்டியே மெதுவாப் பிடிங்க. மழையில நனைஞ்சாலோ, வண்டியைக் கழுவினாலோ, கிளம்பினதும் மெதுவாப் போயி ரெண்டு மூணு தடவை லேசாப் பிடிச்சு ஈரத்தைக் காய வைங்க. பைக் ஓட்டும்போது மிதி மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. ஸ்கூட்டர்லயும் இடது கையைப் பாதி அழுத்தின மாதிரியே வச்சுக்காதீங்க. ஷூ வீணாகும். பின்னாடி சிவப்பு லைட் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா, நீங்க நிஜமா நிப்பாட்டும்போது பின்னாடி வர்றவருக்குத் தெரியாது.

சகோதரிகளே, கடைசியா ஒண்ணு. எங்க அலமாரிக்கு முன்னாடி உக்காந்து நான் பாத்தது இது. வீட்டுல ரெண்டு வண்டி இருந்தா, அவர் வண்டிக்குத்தான் முதல்ல ஷூ மாறும். "அவ பக்கத்துலதான போறா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு நம்ம வண்டி நிக்கும். நம்மளே அப்படித்தான் சொல்றோம். பிள்ளைக்கு நோட்டு, மாமியாருக்கு மாத்திரை, குழுத் தவணைன்னு எல்லாம் முடிஞ்ச பிறகு மிச்சம் இருந்தாத்தான் நம்ம வண்டி. ஆனா அந்த வண்டியில முன்னாடி நிக்கிறது சின்னப் பிள்ளை, பின்னாடி உக்காந்திருக்கிறது பெரிய பிள்ளை, சீட்டுக்கு அடியில இருக்கிறது குழுப் பணம்.

அதனால கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, மாசத்துல ஒரு குழுக் கூட்டத்துல, தீர்மானம் எழுதி முடிச்சதும், வாசல்ல நிக்கிற எல்லா வண்டிக்கும் பிரேக் பாக்கணும். ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் குனிஞ்சு அம்புக்குறியைப் பாக்க, ஒரு வண்டிக்கு ரெண்டு நிமிஷம் போதும். ரெண்டு, பிரேக் மாத்துற செலவுக்குன்னு குழு உள்கடன்ல உடனே குடுக்கிற மாதிரி ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வைக்கணும். அடுத்த கூட்டம் வரைக்கும் காத்திருக்க வைக்கக் கூடாது. மூணு, புதுசா வண்டி பழகுற பொண்ணுங்களுக்கு ஓட்டத் தெரிஞ்ச அக்காமார் கத்துக் குடுக்கணும். "முன் பிரேக்கைத் தொடாத"ன்னு சொல்லாம, ரெண்டையும் எப்படிப் பிடிக்கணும்னு மைதானத்துல கோடு போட்டுக் காட்டணும்.

இன்னைக்குக் கூட்டம் முடிஞ்சதும் நான் வெளியில வண்டி நிக்கிற இடத்துல, வேப்ப மரத்தடியில இருப்பேன். ஸ்பேனரும் டார்ச்சும் கொண்டு வந்திருக்கேன். பாக்கிறதுக்குக் காசு கிடையாது. சாப்பிட்டுட்டு ஒவ்வொருத்தரா வாங்க.